பத்துப் பாத்திரமும் இரட்டைச் சம்பளமும்

இரட்டை நகரங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் தினமும் காலை ஆறரை மணிக்கு ஒரு கேள்வி எழுகிறது. பெட்ரோல் விலையைப் பற்றியோ பிள்ளையின் பரீட்சையைப் பற்றியோ அல்ல. "இன்னிக்கு அவள் வருவாளா?" என்பதுதான் அது.

பத்மாராவ் நகரோ மாரேட்பள்ளியோ, மல்காஜ்கிரியோ கொண்டாப்பூரோ, எந்தப் பேட்டையானாலும் காட்சி ஒன்றுதான். தொட்டியில் முதல் நாள் இரவுப் பாத்திரம் காய்ந்து கிடக்கிறது. குக்கர் ஒன்று, சாதம் ஒட்டிய பாத்திரம் ஒன்று, பிள்ளைகளின் டிபன் டப்பாக்கள் நாலு. மனைவி ஒரு காதை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு காய் நறுக்குகிறாள். கணவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "போன் பண்ணிப் பாரேன்" என்கிறார். போன் அடிக்கிறது, எடுப்பாரில்லை. அவ்வளவுதான், அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கு லீவு விழும் என்பது சொல்லாமலே தீர்மானமாகிவிடுகிறது.

கணவனும் மனைவியும் உத்தியோகத்துக்குப் போகும் வீட்டில் வீட்டுவேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று நம்மவர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ இரண்டு மாதம் தங்க வரும் மாமியார், "நாங்க பத்துப் பேருக்கு வடிச்சுக் கொட்டலையா? ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு வேலைக்காரியா?" என்று கேட்கிறார். மருமகள் பதில் சொல்வதில்லை. பையனோ பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறான்.

மாமியார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் காலத்துக் கணக்கைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், பத்துப் பேருக்கு வடித்துக் கொட்டிய வீட்டில் வேலை செய்யவும் நாலு பெண்கள் இருந்தார்கள். நாத்தனார், ஓரகத்தி, விதவை அத்தை என்று கூடமெல்லாம் கை இருந்தது. அந்தக் கைகளுக்குச் சம்பளம் கிடையாது. கொண்டாப்பூரில் இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் அத்தைக்கு எங்கே இடம்?

இஸ்திரிச் சட்டைக்கு விவாதம் இல்லை

இந்த விவாதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டுவேலைக்குக் காசு கொடுப்பது நமக்குப் புதிதே அல்ல. தெருமுனையில் தள்ளுவண்டியில் கரிப்பெட்டியோடு நிற்கும் இஸ்திரிக்காரரிடம் சட்டையைக் கொடுத்து வாங்குவதும் வீட்டுவேலையை விலைக்கு வாங்குவதுதான். அந்தச் சட்டை பெரும்பாலும் கணவனுடையது. அதை ஆடம்பரம் என்று எந்த மாமியாரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. காரைத் துடைக்க வாட்ச்மேனுக்கு மாதாமாதம் கொடுக்கிறோம்; அதுவும் ஆண்பிள்ளையின் வேலை என்று பெயர் பெற்ற வேலை. இட்லி மாவைப் பாக்கெட்டில் வாங்கும்போது மாத்திரம் "வீட்டில் ஆட்டக் கூடாதோ?" என்ற குரல் எழும்புகிறது. கோயமுத்தூரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த கிரைண்டர் மூலையில் துணி போர்த்தி நிற்பதைப் பார்த்துப் பெருமூச்சும் விடுகிறார்கள்.

ஆகவே காசு கொடுப்பதில் யாருக்கும் தடையில்லை. மனைவி செய்ய வேண்டியது என்று முடிவு கட்டிய வேலைக்குக் காசு கொடுப்பதில்தான் சங்கடம்.

அந்த முடிவு எவ்வளவு பலமானது என்பதைச் சர்க்கார் கணக்கே சொல்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டு முழுவதும் நாடெங்கும் ஒரு நேரக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர், அன்றாடம் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்வதாகத் தெரியவந்தது. ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான். அப்படிச் செய்கிற பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் அதில் செலவழிக்கிறாள். ஆண் 97 நிமிஷம். ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள தூரம் இது. இதில் நம் வீட்டு ஆண்கள் 26-இல் சேர்ந்தவர்களா, மீதி 74-இல் சேர்ந்தவர்களா என்பதை அவரவர் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தாமே சொல்வது செல்லாது.

கோர்ட்டும் ஒத்துக்கொண்ட உழைப்பு

"வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்ற வாசகத்தைச் சட்டம் மெல்ல மெல்லக் கைவிட்டு வருகிறது. விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு நஷ்டஈடு கணக்கிடும் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை பேசியிருக்கிறது. 2010-இல் ஒரு தீர்ப்பில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர், கைதிகளோடு ஒரே வரிசையில் வருமானமற்றவர்களாக வைத்திருந்ததைக் கண்டித்தது. 2021 ஜனவரியில் நீதிபதி என்.வி. ரமணா இடம்பெற்ற அமர்வு, இல்லத்தரசிக்கு மதிப்பு வருமானம் கணக்கிடுவது அவளுடைய உழைப்பை அங்கீகரிப்பதாகும் என்ற கருத்தைச் சொன்னது.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 ஜூனில் முடிந்தது. நெய்வேலியைச் சேர்ந்த குடும்பம். கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் இருந்து குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருடையது என்று பின்னால் தகராறு. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மனைவி வீட்டைக் கவனித்துக்கொண்டதால்தான் கணவர் கவலையில்லாமல் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். கணவர் வேலைக்கு எட்டு மணி நேரம் என்று கணக்கு உண்டு, மனைவி வேலைக்கு விடுமுறையே கிடையாது என்பதும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் ஆயிரம் ரூபாய், பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்றே தமிழக அரசால் வர்ணிக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் போதுமா என்று கேட்பவர் கேட்கட்டும். வேலை என்று ஒன்று நடக்கிறது என்பதையாவது ஒப்புக்கொண்டார்களே!

சரி, வேலை என்றால் கூலி உண்டு. அதைச் செய்ய வீட்டுக்காரிக்கு நேரமில்லாதபோது வேறொருவருக்குக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்வதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை என்றே சொல்வேன். ஆனால் எப்படிக் கொடுக்கிறோம், யார் கணக்கில் கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு இருக்கிறது. அதைச் சொல்ல இந்த ஊரின் பழைய கதை ஒன்றைத் தொட வேண்டும்.

வெட்டி வேலை வந்த வழி

வேலையில்லாமல் திரிகிறவனை "வெட்டி" என்கிறோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இதே சொல், கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்ய வேண்டிய உழைப்பைக் குறிக்கிறது. தமிழில் மங்கிப்போன அந்தப் பொருள் தெலுங்கில் நேற்றுவரை ரத்தமும் சதையுமாக வாழ்ந்தது. நிஜாம் ராஜ்யத்துக் கிராமங்களில் "வெட்டி சாகிரி" என்று அதற்குப் பெயர். தேஷ்முக், தொரை என்று அழைக்கப்பட்ட ஜமீன்தார்களின் "கடி" என்னும் மாளிகைகளில் வண்ணார் துணி துவைக்க வேண்டும், குயவர் பானை கொண்டுவந்து கொடுக்க வேண்டும், நாவிதர் கால் பிடித்துவிட வேண்டும், பெண்கள் நெல் குத்தி மாவு அரைத்துப் பெருக்க வேண்டும். எல்லாம் கூலியில்லாமல். ஜமீன்தார் வீட்டுப் பெண் கல்யாணமாகிப் புக்ககம் போகும்போது சீர்வரிசையோடு ஏவல் செய்ய ஏழைப் பெண்களையும் அனுப்பும் வழக்கம் இருந்தது. வீட்டுவேலை ஆட்கள் சீதனப் பொருளாக இருந்த நாடு இது!

அந்த ஏற்பாட்டை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் பாலகுர்த்தியைச் சேர்ந்த சாக்கலி ஐலம்மா. வண்ணார் குலத்தில் பிறந்தவர். 1940-களில் விஸ்னூர் தேஷ்முக் ராமச்சந்திர ரெட்டியின் ஆட்கள் அவர் குத்தகைக்குப் பயிரிட்ட நிலத்தின் விளைச்சலை அள்ளிக்கொண்டு போக வந்தபோது, சங்கத்துக்காரர்களின் துணையோடு எதிர்த்து நின்று நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு மூண்ட தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் வெட்டி ஒழிப்பு முக்கியமான கோரிக்கையாக இருந்தது. ஐலம்மா 1985-இல் காலமானார். கோட்டியில் பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சி வளாகத்தில் இருக்கும் மகளிர் பல்கலைக்கழகத்துக்கு 2024-இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். நம் வீட்டுப் பெண்கள் பலர் படித்த கோட்டி மகளிர் கல்லூரிதான் அது.

நகரத்து நவாப் வீடுகளின் கதை வேறு. சமையலும் மேல்வேலையும் செய்த பெண்ணை உருதுவில் "மாமா" என்பார்கள். பிள்ளைக்குப் பாலூட்டி வளர்த்தவள் "அன்னா". தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒருவர் காதில் "மாமா பாத்திரம் தேய்க்கிறார், அன்னா குழந்தையைத் தூக்குகிறார்" என்று விழுந்தால் நல்ல ஊர் என்று நினைத்திருப்பார். தெலுங்கில் "பனிமனிஷி" என்கிறார்கள், அதாவது வேலை மனிதர். நம் "வேலைக்காரி"யைவிட இதில் மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருப்பதாக எனக்குத் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

வெட்டி ஒழிந்தது. கூலி வந்தது. எவ்வளவு கூலி?

இங்கே வேலையை எண்ணிச் சம்பளம் பேசுவது வழக்கம். பெருக்கித் துடைப்பது ஒரு வேலை, "அன்ட்லு" எனும் பத்துப் பாத்திரம் ஒரு வேலை, துணி ஒரு வேலை. பேட்டைக்குப் பேட்டை, வீட்டின் அளவுக்குத் தக்கபடி ஒரு வேலைக்கு ஆயிரம் என்றும் அதற்கு மேலும் போகிறது. மூன்று வேலைக்கு மூவாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், மாதம் முப்பது நாள், மொத்தம் 45 மணி. மணிக்கு 66 ரூபாய் சொச்சம் வருகிறது. கணவர் கடைக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து முடிவெட்டிக்கொள்ள இதைவிட அதிகம் கொடுக்கிறார், பேரம் பேசாமல். இங்கே மட்டும் நூறு ரூபாய் ஏற்றிக் கேட்டால், "பக்கத்து வீட்டில் எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்று விசாரணை தொடங்கிவிடுகிறது.

அந்த மூவாயிரம் யார் சம்பளத்திலிருந்து போகிறது என்று பாருங்கள். நான் விசாரித்த வீடுகளில் பெரும்பாலும் ஒரே பதில். வீட்டுக் கடன் தவணை கணவர் கணக்கில். வேலைக்காரி, குழந்தைக் காப்பகம் மனைவி கணக்கில். "நீ வேலைக்குப் போறதாலதானே ஆள் வேண்டியிருக்கு?" என்பது தர்க்கம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்போல் தோன்றும். கணவரும் வேலைக்குப் போவதால்தானே ஆள் வேண்டியிருக்கிறது? அந்தப் பக்கம் யாரும் கணக்கைத் திருப்புவதில்லை. முடிவில் ஒரு நாள், "உன் சம்பளத்தில் பாதி இதுக்கே போகுதே, வேலையை விட்டுடேன்" என்று யோசனை வருகிறது. வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் மென்பொருள் கம்பெனியிலும் நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்த நம் பெண்கள் சிலர், பத்துப் பாத்திரக் கணக்கில் தோற்று ராஜினாமா எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆள் வைத்த பிறகும் மனைவியின் வேலை தீர்ந்துவிடுவதில்லை. சம்பளம் பேசுவது, சோப்புத் தூள் வாங்கி வைப்பது, அவள் வராவிட்டால் போன் செய்வது, கோபித்துக்கொண்டு போனால் புது ஆள் தேடுவது எல்லாம் அவள் பொறுப்பு. வேலைக்காரி செல்போனில் "மேடம்" எண் இருக்கும். "சார்" எண் இருக்காது. கணவர் செய்துவந்த ஒன்றிரண்டு வேலையும் ஆள் வந்த மறுநாளிலிருந்து நின்றுபோகும். அவர் அளவில் பிரச்னை தீர்ந்தது.

போனாலு வந்தால்

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரு பழைய சிலேடை உண்டு. ஆடி மாதம் பிறக்கும் சமயத்தில் செகந்திராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோவிலில் போனாலுத் திருவிழா வரும். பெண்கள் தலையில் போனம் சுமந்து போவார்கள். வேலைக்கு வருகிறவர்களும் போவார்கள். "போனாலு வந்தது, போனாள்" என்பார்கள். பொங்கலுக்கும் அதே கதி. போகிப் பண்டிகையன்று பரண் முதல் பின்கட்டு வரை கழுவ வேண்டும் என்று நாம் நினைக்கும் நாளில்தான் அவளுக்கும் சங்கராந்தி. அவள் ஊர் பாலமூரோ ஸ்ரீகாகுளமோ, பஸ் ஏறிவிடுகிறாள். நாலு நாள் கழித்து வந்தால் நாலு நாள் சம்பளத்தைப் பிடிக்கிறோம். நாம் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் நம் ஆபீஸ் சம்பளத்தைப் பிடிக்கிறதா?

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பண்டிகைக்குச் சம்பளத்தோடு லீவு, வருஷத்துக்கு ஒரு போனஸ் என்று தானாகக் கொடுப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் நல்ல மனசால் கொடுக்கிறார்களே தவிர, சட்டத்தின் கை வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. வீட்டுவேலைத் தொழிலாளருக்கென்று 1959-இலேயே நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அதன் பிறகும் பல மசோதாக்கள் வந்து போயின. கர்நாடகம் 2004-இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஆந்திரப் பிரதேசம் 2007-இல் நிர்ணயித்தது. அதே 2007-இல் தமிழ்நாடு நல வாரியம் அமைத்தது. ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16-ஆம் தேதி 189-ஆவது ஒப்பந்தத்தை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் ஊர் திரும்பி அதை உறுதிசெய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராய ஒரு குழு அமைக்கும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது.

இதற்கிடையே சந்தை தன் வழியில் போகிறது. 2025 மார்ச்சில் அர்பன் கம்பெனி என்ற நிறுவனம் மும்பையில் பதினைந்து நிமிஷத்தில் வேலைக்காரி வந்து நிற்பாள் என்று விளம்பரம் செய்தது. அறிமுக விலை மணிக்கு 49 ரூபாய். "இன்ஸ்டா மெய்ட்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். மனிதரை நூடுல்ஸ் மாதிரி விற்கிறீர்களே என்று கண்டனம் எழுந்ததும் பெயரை "இன்ஸ்டா ஹெல்ப்" என்று மாற்றிக்கொண்டார்கள்.

இந்த ஊரில் வேலைக்கு வரும் பெண்களுக்கு உருப்படியாகக் கிடைத்த ஒரு சகாயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. 2023 டிசம்பர் 9-ஆம் தேதியிலிருந்து தெலங்கானாவில் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் கட்டணமில்லை. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசு கையில் மிஞ்சுகிறது. அடுத்த பேட்டையில் நல்ல சம்பளம் என்றால் பஸ் ஏறிப் போகிறார்கள். "இப்போதெல்லாம் ரொம்பத்தான் அலட்டுகிறார்கள்" என்று நம் வீடுகளில் புலம்பல் கேட்கிறது. புலம்பலுக்குக் காரணம் பஸ்தான்.

எங்கள் வீட்டில் நடந்தது

பிறர் வீட்டுக் கதையை இவ்வளவு சொல்லிவிட்டு என் வீட்டுக் கதையை மறைப்பது முறையல்ல.

என் மனைவியும் வேலைக்குப் போகிறவள். எங்கள் வீட்டுக்கு வாரசிகூடாவிலிருந்து ஒரு அம்மாள் வருகிறார். ஐந்து வீட்டில் வேலை. காலை ஐந்தரைக்குத் தன் வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் ஐந்தையும் முடிக்க முடியும். அவர் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் தண்ணீர் பிடிப்பது, சாதம் வைப்பது, தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது எல்லாம் மகள் பொறுப்பு. ஏழாம் வகுப்பு படிக்கிற பெண். என் மனைவியின் வேலை அந்த அம்மாளிடம் இறங்கி, அந்த அம்மாளின் வேலை அந்தச் சிறுமியிடம் இறங்கியிருக்கிறது. அதற்குக் கீழே இறங்க இடமில்லை. ஏணியின் உச்சியில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைக்காலத்து வியாழக்கிழமை. ஏழு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அந்தச் சிறுமி, பள்ளிக்கூடச் சீருடையில். அம்மாவுக்கு ஜுரம், பாத்திரம் மட்டும் தேய்த்துவிட்டு ஸ்கூலுக்குப் போகிறேன் என்றாள். பதினாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வீட்டுவேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10-ஆம் தேதியிலிருந்து சட்டப்படி குற்றம். எனக்கு அது தெரியும். என் மனைவிக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸில் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள்; எனக்கு எட்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் உள்ளே போய் முட்டிவரை சீருடையை ஏற்றிக்கொண்டு, தொட்டி எட்டாததால் ஒரு மணையைப் போட்டு ஏறி நின்று தேய்த்தாள். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. போகும்போது மனைவி அவள் கையில் இரண்டு இட்லியும் இருபது ரூபாயும் கொடுத்தாள். இட்லியை வாங்கிக்கொண்டாள். பணத்தை, "அம்மா திட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டில் பேச்சு நடந்தது. சண்டை என்றும் சொல்லலாம். "ஏழு மணியிலிருந்து எட்டேகால் வரை நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று மனைவி கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். காபி குடித்தேன், பேப்பர் படித்தேன், சவரம் செய்துகொண்டேன். அந்த 25 நிமிஷம் என் காலையில் தாராளமாக இருந்தது. எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. கண்ணில் படாமல் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அதன்பின் செய்துகொண்ட ஏற்பாடு பெரிய புரட்சி ஒன்றுமில்லை. அந்த அம்மாளை நிறுத்திவிடலாம் என்று முதலில் நான் சொன்னேன். நல்லவனாகிவிடலாம் என்ற ஆசையில் வருகிற யோசனை அது. "நிறுத்தினால் ஐந்து வீட்டுச் சம்பளம் நாலு ஆகும், பெண்ணின் படிப்பு என்ன ஆகும்?" என்று மனைவி கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். சம்பளம் ஏற்றினோம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தில் மேலும் இரண்டு நாள் சொல்லாமல் நின்றாலும் பிடித்தம் இல்லை. பண்டிகை லீவு தனி. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். காலை ஆறரைக்குப் பதில் எட்டரைக்கு வரலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு. அந்த நேரத்தில் நாங்கள் இருக்க மாட்டோம், சாவி வாட்ச்மேனிடம். சாவியைக் கொடுப்பதா என்று உறவினர் பலர் பயமுறுத்தினார்கள். இதுவரை ஒரு ஸ்பூன் காணாமற்போகவில்லை. அவருடைய போனில் என் எண்ணைப் பதிவு செய்தேன். சம்பளம் எங்கள் இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கிலிருந்து போகிறது.

2020 ஊரடங்கில் அடுக்ககங்கள் வெளியாட்களுக்குக் கதவைச் சாத்தியபோது எத்தனையோ ஆண்பிள்ளைகள் துடைப்பம் பிடித்தார்கள். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிப் பாராட்டும் பெற்றார்கள். கதவு திறந்த அன்று துடைப்பம் மூலைக்குப் போயிற்று. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் என்பதால், எங்கள் ஏற்பாடு எத்தனை நாள் நிலைக்கும் என்று மனைவிக்குச் சந்தேகம். காலண்டரில் குறித்து வைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமையும் அந்த அம்மாள் வராத நாட்களும் பாத்திரம் என் பங்கு. தேய்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், சாம்பார் பாத்திரம் சுலபம், பால் காய்ச்சிய பாத்திரம் கஷ்டம், அப்பளம் பொரித்த வாணலி ஜன்மப் பகை. திங்கட்கிழமை காலை அந்த அம்மாள் வந்ததும் முதல் வேலையாக வாணலியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். அடியில் விரலை வைத்துத் தேய்த்து முகர்கிறார். நான் லீவில் வீட்டில் இருந்த ஒரு திங்கட்கிழமை, சமையலறையிலிருந்து அவர் மனைவியிடம் கேட்டது என் காதில் விழுந்தது: "இதி சாரு தோமாரா, மேடம்?"

மனைவி ஆமாம் என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாணலியை மறுபடி தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தார்.